மாமாவின் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பொயின்ற்ஸ்

2023 நவம்பரில் ஒரு நாள் இரவு பத்து மணிபோல மாமாவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது. அவருடைய கிரெடிற் கார்ட் கணக்கின் படம். நடுவில் பெரிய எழுத்தில் 112,460 என்று இருந்தது. கீழே ஒரு வொய்ஸ் மெசேஜ். "பிள்ளை, உதுக்கு எத்தினை ரிக்கெற் வரும் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு. தைப்பொங்கலுக்கு அம்மாவைப் பாத்திட்டு வருவம் எண்டு யோசிக்கிறன். உது சும்மா கிடக்குது எண்டு மாமி பேசுறா."

மாமா ஸ்காபரோவில் இருக்கிறார். இரவு வேலை, ஒரு களஞ்சியத்தில். 1996இல் ஊரை விட்டுப் போனவர், அதற்குப் பிறகு வந்தது இரண்டே தரம், 2012இலும் 2017இலும். இரண்டாம் தரம் வந்தபோது நான் ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். வந்த முதல் நாள் முழுக்க நாரிப்பிடிப்போடு விறாந்தையில் நிலத்தில் படுத்தே கிடந்தார். பதினெட்டு மணித்தியாலம் இருந்து வந்த வலி. அம்மம்மா பக்கத்தில் இருந்து சித்தாலேபம் பூசிவிட்டுக்கொண்டே, "உனக்கு ஆர் இப்பிடி மடிச்சு வைச்சு அனுப்பினது" என்று கேட்டது இப்பவும் ஞாபகம்.

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், அந்த நேரம் எனக்கு இந்த மைல்ஸ் விசர் பிடித்திருந்தது. யூரியூப்பில் அமெரிக்கப் பெடியள் நாலு பேரைத் தொடர்ந்து பார்ப்பேன். கையில் ஷம்பெயினோடு, கட்டில் மாதிரி விரியும் சீற்றில் படுத்துக்கொண்டு, "இந்த ரிக்கெற் பத்தாயிரம் டொலர், நான் குடுத்தது ஐம்பத்தாறு டொலர்" என்று சொல்லுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு எக்ஸெல் ஷீற்றும் செய்து வைத்திருந்தேன். சொந்தக்காரரில் ஆருக்கு எந்தக் கம்பனியில் எவ்வளவு மைல்ஸ் கிடக்குது, எப்ப காலாவதி, எல்லாம் அதில் இருந்தது. நான் அதுவரைக்கும் ஒரு பிளைட்டும் ஏறினதில்லை. பலாலிக்குப் பிளைட் இறங்கும்போது உரும்பிராய் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்ததுதான் அனுபவம்.

யாழ்ப்பாணத்தில் மைல்ஸ் என்றால் நாங்கள் பறந்து சேர்ப்பதில்லை. எங்களைப் பார்க்க வருகிறவை சேர்ப்பது. எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கிறது. வந்து போன ஆக்கள் விட்டுப்போன போர்டிங் பாஸ் துண்டுகள் எல்லாம் அதற்குள். அம்மா எதையும் எறியமாட்டா. ஒரு நாள் அதைக் கொட்டிப் பார்த்தால் எங்கடை சனத்தின் பிழை முழுக்கத் தெரிந்தது. லண்டன் பெரியப்பா ஒருமுறை எமிரேட்ஸில், அடுத்தமுறை கட்டாரில், அதற்கடுத்தமுறை ஸ்ரீலங்கனில் வந்திருக்கிறார். எது இருபது பவுண் மலிவோ அது. அதில் பிழையில்லை, காசு காசுதான். ஆனால் மூன்று இடத்தில் மூன்று கணக்கு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம். ஒன்றுமே ஒரு ரிக்கெற்றுக்குக் காணாது. எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸ் மைல்ஸ் மூன்று வருஷத்தில் காலாவதியாகும். சிங்கப்பூர் கம்பனியின் கிரிஸ்ஃபிளையரும் அப்படித்தான். பெரியப்பா நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். கூட்டிக் கழித்தால் சைபர்.

இதில் விளங்கவேண்டிய ஒரு சின்ன விசயம் இருக்கிறது. பிளைட் கம்பனிகள் தனித்தனியாக நிற்பதில்லை, கூட்டணி வைத்திருக்கின்றன. ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் 2014 மே 1இல் வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. கட்டார், பிரிட்டிஷ் எயர்வேய்ஸ், கதே பசிபிக் எல்லாம் அதற்குள்தான். ஆகவே ஸ்ரீலங்கனில் பறந்துவிட்டு அந்த மைல்ஸைக் கட்டார் கணக்கில் போடலாம், மறுவளமாகவும் போடலாம். கட்டாரும் பிரிட்டிஷ் எயர்வேய்ஸும் இப்ப ஏவியோஸ் என்ற ஒரே புள்ளியைத்தான் பாவிக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றவும் ஏலும். பெரியப்பா ரிக்கெற் எடுக்கும்போது ஒரே இலக்கத்தைக் குடுத்திருந்தால் மூன்றில் இரண்டு பயணமாவது ஒரே பானைக்குள் விழுந்திருக்கும். அவருக்கு இதைச் சொன்னபோது, "உதை முந்தியே சொல்லியிருக்கலாமேடி" என்றார். முந்தி என்றால் நான் ஆறாம் வகுப்பு.

காலாவதியிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, சேர்த்த நாளிலிருந்து எண்ணி முடிந்தவுடன் செத்துப்போவது. மற்றது, கணக்கில் அசைவு இல்லாவிட்டால் மட்டும் சாவது. எயர் கனடாவின் ஏரோபிளானுக்கு 18 மாதம், ஏவியோஸுக்கு 36 மாதம், அமெரிக்கன் எயர்லைன்ஸுக்கு 24 மாதம். இந்த இரண்டாவது வகைக்கு ஒரு சின்ன அசைவு போதும். ஒரு கடையில் பத்து டொலருக்குச் சாமான் வாங்கிப் பத்துப் புள்ளி விழுந்தாலே முழுக் கணக்குக்கும் திரும்ப உயிர் வந்துவிடும். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ.

மாமாவின் பொயின்ற்ஸ் பறந்து சேர்த்ததில்லை. பாலும் பாணும் பெற்றோலும் வீட்டுக் காப்புறுதியும் கார்ட்டில் போட்டுச் சேர்த்தது. மாதம் இரண்டாயிரம் டொலர் செலவழித்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு பொயின்ற்ஸ் கிட்ட விழும். அமெரிக்கன் எயர்லைன்ஸ் தன்னுடைய மைல்ஸ் திட்டத்தை 1981 மே 1இல் தொடங்கியது. அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட, கம்பனிகளுக்குள் போட்டி வந்து, வந்த ஆளைத் திரும்ப வரவைக்கக் கண்டுபிடித்த வழி அது. பிறகு வங்கிகள் உள்ளே வந்தன. கம்பனி மைல்ஸை அச்சடித்து வங்கிக்கு விற்கும், வங்கி அதைக் கார்ட்காரருக்குக் குடுக்கும். 1999இல் டேவிட் பிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியா எஞ்சினியர் ஒருவர் கோப்பைப் புடிங்கில் மைல்ஸ் சலுகை இருக்கிறதைக் கண்டு 12,150 கோப்பை வாங்கினார். ஏறத்தாழ 3,140 டொலர் செலவு, பன்னிரண்டரை லட்சம் மைல்ஸ் வரவு. கோப்பைகளின் பார்கோட்டுகளைக் கழற்ற ஆள் காணாமல், புடிங்கை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் குடுத்து அவையளைக் கொண்டே கழற்றுவித்தார். இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். "அவ்வளவு புடிங்கையும் ஒருத்தரும் தின்னேல்லையோ" என்பதுதான் அவவின்ரை கேள்வி.

சரி, மாமாவின் கேள்விக்கு வாறன்.

பொயின்ற்ஸின் பெறுமதியைப் பார்க்க ஒரு சுகமான கணக்கு இருக்கிறது. அதே ரிக்கெற்றைக் காசுக்கு எடுத்தால் என்ன விலை என்று பார். பொயின்ற்ஸில் எடுத்தாலும் கையால் கட்டவேண்டிய வரியைக் கழி. வருவதைப் பொயின்ற்ஸின் எண்ணிக்கையால் பிரி. ஒரு பொயின்ற்றுக்கு எத்தனை சதம் என்று வரும். ஜனவரி பத்தாம் திகதி புறப்பட்டுத் திரும்பிப் போக அன்றைக்குக் காட்டியது 96,000 பொயின்ற்ஸும் 240 டொலரும். அதே சீற்றின் காசு விலை 1,510 டொலர். 1,270ஐ 96,000ஆல் பிரித்தால் 1.3 சதம். பிறகு பிஸ்னஸ் கிளாஸைப் பார்த்தேன். 190,000 பொயின்ற்ஸ், 390 டொலர். காசு விலை 6,900. கணக்குப் போட்டால் 3.4 சதம்.

எனக்குக் கை நடுங்கியது. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு!

அதே பொயின்ற்ஸுக்கு ஒரு மிக்ஸியோ கடைக்கூப்பனோ எடுத்தால் ஒரு சதம்கூட வராது, அதை எல்லாரும் சொல்லுவார்கள், சரிதான். ஆனால் 1.3 சதத்துக்கு எக்கொனமி எடுப்பதும் விசர்வேலை என்று நான் படித்த எல்லா இடத்திலும் இருந்தது. நான் மாமாவுக்குப் பதில் வொய்ஸ் அனுப்பினேன். அந்த வொய்ஸ் இன்னும் என் போனில் கிடக்கிறது, அழிக்கவில்லை. "மாமா, இப்ப விட்டால் நட்டம். பொறுங்கோ. இன்னும் எழுபத்தேழாயிரம்தான் வேணும். மாமியும் ஒரு கார்ட் எடுத்தால் அவையள் குடுக்கிற வரவேற்புப் பொயின்ற்ஸோடை ஒரு வருஷத்திலை சேர்ந்திடும். அடுத்த முறை நீங்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம். நாரிக்கும் நல்லது."

நாரி என்று சொன்னது வேலை செய்துவிட்டது. "உண்மைதான் பிள்ளை, நீ சொன்னால் சரி" என்றார். ஷீற்றில் அவருடைய வரிசைக்குப் பச்சை நிறம் அடித்து 'காத்திருக்கவும்' என்று போட்டேன்.

இந்தக் கணக்கில் பிழை எங்கே என்று இப்ப என்னால் சொல்ல ஏலும். மாமா வாழ்க்கையில் ஒரு நாளும் 6,900 டொலர் குடுத்து ரிக்கெற் எடுக்கமாட்டார். ஆகவே அந்த 6,900 அவருக்கு ஒரு விலையே இல்லை. கடைக்காரன் எழுதி ஒட்டியிருக்கும் ஒரு இலக்கம். நல்லூர்த் திருவிழாக் கடையில் மூவாயிரம் என்று எழுதிவிட்டு ஐந்நூறுக்குத் தருகிறவன் உங்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு லாபம் தரவில்லை. மாமாவிடம் உண்மையில் மிச்சப்படக்கூடியது, அவர் தன்னுடைய காசில் எடுத்திருக்கக்கூடிய ரிக்கெற்றின் விலை மட்டுந்தான். அதாவது அந்த 1,510 டொலர். அந்தக் காசுதான் அவரை ஐந்தாறு வருஷம் வரவிடாமல் வைத்திருந்தது. மோட்கேஜ், இரண்டு பிள்ளையளின் படிப்பு, 2020இல் கொரோனா, பிறகு எங்கடை நாட்டின் நெருக்கடி என்று காசை இஞ்சை அனுப்பினது. 96,000 பொயின்ற்ஸ் அந்தக் காசை அப்படியே அகற்றியிருக்கும். நான் அதை நட்டம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது பிழை, பொயின்ற்ஸைச் சேமிப்புக் கணக்கு என்று நினைத்தது. அதுக்கு வட்டி இல்லை, விலைவாசி மட்டும் இருக்கிறது. 2022இல் ரூபா இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலருக்கு இருநூறிலிருந்து முந்நூற்று அறுபது மட்டும் போனதைப் பார்த்த ஆக்கள் நாங்கள். அதற்காவது ஒரு மத்திய வங்கி இருந்தது, பேப்பரில் செய்தி வந்தது. ஒரு பிளைட் கம்பனி நேற்று தொண்ணூறாயிரம் கேட்ட சீற்றுக்கு இன்றைக்கு நூற்றுப்பத்தாயிரம் கேட்டால் அதைக் கேட்க ஒருத்தரும் இல்லை. முந்தி இடத்துக்கு இடம் நிலையான அட்டவணை இருந்தது. இப்ப பல கம்பனிகளில் காசு விலை ஏறினால் பொயின்ற்ஸ் விலையும் ஏறும். சேர்ப்பதும் கஷ்டமாகிவிட்டது. டெல்ரா, யுனைட்டெட் இரண்டும் 2015இலும் அமெரிக்கன் 2016இலும் பறந்த தூரத்தை விட்டுக் குடுத்த காசுக்கு மைல்ஸ் குடுக்கத் தொடங்கின. எங்கடை சனம் எடுப்பது தூரம் கூடின, விலை குறைந்த ரிக்கெற். அந்த மாற்றத்தில் கூட நட்டப்பட்டது நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

பொங்கல் வந்தது. மாமா வீடியோ கோலில் வந்தார். முற்றத்தில் பானை வைக்கிற நேரம் போனை மதிலில் சாய்த்து வைத்தோம். அம்மம்மா அடிக்கடி போனைப் பார்த்து, "இவன் வாறன் எண்டு சொன்னவன், என்னண்டு நிண்டிட்டான்?" என்று அம்மாவைக் கேட்டா. அம்மா என்னைப் பார்த்தா. நான் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். "அடுத்த முறை வடிவா வருவான் அம்மா" என்று அம்மா சொன்னா.

சிவராத்திரிக்கு முதல் கிழமை அம்மம்மா குளியலறை வாசலில் விழுந்தா. பாரிசவாதம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று பின்னேரம் அம்மா மாமாவுக்குப் போன் எடுத்து, "தம்பி, நீ வெளிக்கிடு" என்று மட்டும் சொன்னா. அவர் ஒரே ஆம்பிளைப்பிள்ளை. எங்கடை ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. எத்தனை செத்தவீட்டில் கமராக்காரன் நேரலை விட, கொள்ளி வைக்கவேண்டிய மகன் நோர்வேயிலோ சுவிஸிலோ ஒரு திரைக்கு முன்னால் இருந்து அழுததைப் பார்த்திருக்கிறோம்.

அன்றிரவு மாமாவும் நானும் போனில் இருந்தபடியே ரிக்கெற் தேடினோம். அடுத்த நாள் புறப்பட ஒரு வழி ரிக்கெற் 1,980 டொலர். போய் வர எடுத்தால் திரும்புகிற திகதி கேட்கும். ஆருக்குத் தெரியும் அந்தத் திகதி? அப்பதான் பொயின்ற்ஸில் பார்த்தேன். 45,000, வரி 110 டொலர். ஒரு வழி.

இது நான் படித்து, ஆனால் கவனிக்காமல் விட்ட விசயம். காசுக்கு ஒரு வழி ரிக்கெற் எடுத்தால் பெரும்பாலும் போய்வாற விலையின் பாதியை விடக் கனக்கக் கூட. பொயின்ற்ஸில் பெரும்பாலும் நேர்பாதி. விற்காத சீற்றுகளைக் கம்பனிகள் கடைசி நாட்களில் பொயின்ற்ஸுக்குத் திறந்து விடுவதும் உண்டு. காசு விலை உச்சத்தில் நிற்கிற அதே நேரத்தில். நல்லூர்க் காலத்துக்கும் கனடாப் பள்ளிக்கூட விடுமுறைக்கும் நத்தாருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது, அந்த நாட்களில் எல்லா வாசலும் பூட்டு. மார்ச் மாதம் என்றபடியால் கிடைத்தது. பொயின்ற்ஸ் ரிக்கெற்றைச் சின்னக் கட்டணத்தோடு ரத்துச் செய்து பொயின்ற்ஸைத் திரும்ப எடுக்கவும் பல கம்பனிகளில் ஏலும். விசா வருமோ வராதோ என்று தெரியாமல் இருக்கிற எங்கடை அம்மாமாருக்கு ரிக்கெற் போட இதைவிட நல்ல வழி இல்லை. காசு ரிக்கெற் என்றால் விசா மறுத்தவுடன் அதுவும் போச்சு.

மாமா அந்த நேரத்திலும் கேட்டார். "பிள்ளை, உதிலை நாப்பத்தையாயிரம் போனால் பேந்து பிஸ்னஸுக்குச் சேராதே. நான் காசு கட்டி வரட்டே?"

அவர் மறக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறா, இந்த மனிசன் நான் பச்சை அடித்த ஒரு வரிசையைக் காப்பாற்றப் பார்க்கிறார். "மாமா, உதை இப்பவே எடுங்கோ" என்று கத்திவிட்டேன். எனக்கு மூத்த ஆளோடு நான் அப்படிக் கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

ரிக்கெற் போடும்போது இன்னொரு சிக்கல். அதை இதில் எழுதத்தான் வேணும், ஏனென்றால் இது எங்கடை ஆக்களுக்கெண்டே உள்ள சிக்கல். மாமாவின் பாஸ்போட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அம்மப்பாவின் பெயர். பொயின்ற்ஸ் கணக்கில் அவர் தன் பெயரைக் குடும்பப்பெயராகவும், அம்மப்பாவின் பெயரை ஒரு இனிஷலாகவும் போட்டிருந்தார். எங்களுக்கு எது முன், எது பின் என்று இல்லை. வெள்ளைக்காரன் போட்ட பெட்டிக்குள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரித் தலையைக் குடுப்போம். அம்மா 2019இல் கனடா போய் வந்த மைல்ஸ் முழுக்க இப்படித்தான் போனது. கணக்கில் அப்பாவின் பெயர், பாஸ்போட்டில் அம்மப்பாவின் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று மூன்று கடிதம் எழுதியும் அந்தக் கம்பனி ஒத்துக்கொள்ளவில்லை, விடுபட்ட மைல்ஸைக் கேட்கிற காலமும் அதற்குள் முடிந்துவிட்டது. நல்லகாலம், ரிக்கெற்றில் பயணம் செய்கிறவரின் பெயர் கணக்கு வைத்திருப்பவரின் பெயராக இருக்கவேண்டியதில்லை. ஆருடைய பெயருக்கும் எடுக்கலாம். மாமா தன்னைத் தானே இன்னொரு ஆளாகப் பதிந்து, பாஸ்போட்டில் உள்ளபடியே பெயர் அடித்து, தனக்கே தான் ரிக்கெற் வாங்கினார். எல்லாக் கம்பனியிலும் இப்படி உடனே செய்ய ஏலாது. கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேரின் பெயரை முன்கூட்டியே பதிந்து வைத்தால்தான் அவையளுக்கு எடுக்கலாம். ஆகவே சும்மா இருக்கிற நாளில் பெயரைச் சரிபார்த்து வையுங்கோ.

அவர் கட்டுநாயக்கவில் இறங்கி, வானில் ஏ-9ஆல் இரவிரவாக வந்து, விடிய ஆறு மணிக்கு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாரியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அம்மம்மா கண் திறந்திருந்தா. கதை இல்லை. வலது பக்கம் முழுக்க இல்லை. மாமா கட்டில் விளிம்பில் இருந்து, "அம்மா, நான்தான்" என்றார். அவ அவரைப் பார்த்தா, பிறகு சுவரில் இருந்த ஃபானைப் பார்த்தா. அடையாளம் கண்டாவோ என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா, "கண்டிட்டா, கண்டிட்டா, பார் கண்ணாலை தண்ணி வருது" என்று சொன்னா. அந்தக் கண்ணிலிருந்து தண்ணி இரண்டு நாளாக வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

பதினோராம் நாள் அம்மம்மா செத்துப்போனா. மாமா கொள்ளி வைத்தார். எட்டுச்செலவு முடிந்து, கீரிமலையில் அந்தியேட்டியும் முடிந்து, ஏப்ரலில் திரும்பிப் போனார். அதற்கும் பொயின்ற்ஸ், 48,000.

அவர் போன பிறகு ஒரு நாள் பழக்கதோசத்தில் அந்த ஷீற்றைத் திறந்து, போன ரிக்கெற்றுகளின் விபரத்தைப் போட்டேன். 1,980இலிருந்து 110ஐக் கழித்து 45,000ஆல் பிரிக்க, கட்டத்தில் 4.16 என்று வந்தது. எங்கள் குடும்பத்தின் முழு ஷீற்றிலும் அதுதான் ஆகக்கூடிய இலக்கம். பிஸ்னஸ் கிளாஸை விடக் கூட. ஷீற்றைப் பெறுமதிப்படி ஒழுங்குபடுத்தினால் அது எப்பவும் முதலாவதாக வந்து நிற்கும், 1.3 சதம் கடைசிக்குக் கிட்ட. அந்த ஒழுங்குபடுத்துகிற பொத்தானை நான் பிறகு பாவிப்பதில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் ஒருக்கால் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "எடி விசரி, பொங்கலுக்கு வந்திருந்தால் மார்ச்சிலை காசில்லாமல் நிண்டிருப்பன். பேந்து கொள்ளியும் இல்லை" என்றார். அது உண்மையாக இருக்கலாம். 112,460இல் 96,000 போயிருந்தால் மார்ச்சில் கிடந்திருக்கப்போவது இருபத்தையாயிரத்துக்கும் குறைவு. ஆனால் மாமா கடன் வாங்கியாவது வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும், அதுவும் அவருக்குத் தெரியும். எனக்காகச் சொன்னது என்றுதான் நினைக்கிறேன். பொங்கலுக்கு வந்திருந்தால் அம்மம்மா அவரோடு கதைத்திருப்பா, "ஆர் உன்னை மடிச்சு வைச்சு அனுப்பினது" என்று கேட்டிருப்பா.

இப்பவும் சனம் என்னிடம் கேட்கிறது. நான் சொல்வது மாறிவிட்டது. சதக் கணக்கை இப்பவும் பார்க்கிறேன், ஏனென்றால் மிக்ஸி வாங்குகிற ஆக்களைத் தடுக்க அது வேணும். கார்ட் கடனை மாதாமாதம் முழுக்கக் கட்டாத ஆக்களுக்குப் பொயின்ற்ஸே வேண்டாம் என்று சொல்கிறேன். கனடாவில் வட்டி 20 வீதம் கிட்ட, பொயின்ற்ஸால் வருவது ஒன்று இரண்டு வீதம். லண்டன்காரருக்கு, மைல்ஸில் எடுத்தாலும் அங்கிருந்து புறப்படும்போது விமானப் பயணி வரி கட்டவேணும், பிஸ்னஸ் என்றால் அது இரட்டிப்புக்கும் மேலே, ஆனால் எக்கொனமியில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையளுக்கு இல்லை என்று சொல்கிறேன். பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் மாதிரிச் சிலது அதற்கு மேலே தாங்களும் ஒரு கட்டணம் போடும், ஆகவே "இலவசம்" என்றதை நம்பாமல் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்க்கச் சொல்கிறேன். மைல்ஸை விற்கலாமோ என்று கேட்கிறவைக்கு, பிடிபட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள் என்கிறேன். வேறு ஆரும், "இப்ப எடுக்கவோ, பொறுக்கவோ" என்று கேட்டால் முதலில் நான் கேட்பது, ஆரைப் பார்க்க வாறியள், அவைக்கு என்ன வயது என்றுதான். பிளைட்டைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.

வருகிற மார்ச்சில் ஆட்டைத் திவசம். மாமாவும் மாமியும் வரப்போகினம். இரண்டு பேரின் கணக்கையும் கூட்டினால் 104,000 சொச்சம். எக்கொனமியில் இரண்டு ஒருவழிக்குக் காணும், திரும்பக் காசு. மாமிக்கு இடையில் சென்னையில் இறங்கி ரி.நகர் போகவேணுமாம். 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சென்னையிலிருந்து பலாலிக்குப் பறக்கத் தொடங்கியது. ஆகவே சென்னை மட்டும் பொயின்ற்ஸில் வந்து, மிச்சத்தைக் காசுக்கு எடுத்தால், ஏ-9இல் இரவிரவாக வான் ஓடத் தேவையில்லை, மாமாவின் நாரிக்கும் நல்லது. சிக்கல் என்னவென்றால் இரண்டும் வேறு வேறு ரிக்கெற். முதல் பிளைட் பிந்தினால் மற்றவன் பொறுப்பில்லை, சின்னப் பிளைட்டில் மாமியின் சூட்கேஸ் நிறைக்கும் தனிக் காசு, கனடாப் பாஸ்போட்டுக்கு இந்திய விசாவும் வேணும். இரண்டு இரவு சென்னையில் தங்கினால் சரிவரும் என்று நினைக்கிறேன். ரி.நகருக்கு ஒரு நாள் காணுமோ என்று மாமியிடம் இன்னும் கேட்கவில்லை.